நுரை நிற்கும் முன்னே

டீசல் நுரைக்கு ஒரு சத்தம் உண்டு. பால் கறந்து முடித்த செம்பில் நுரை அடங்கும்போது கேட்குமே, அது மாதிரி 'புசுபுசு' என்று, ஆனால் அதைவிட மெல்லிசாக, காதைக் கிட்டத்தில் வைத்தால்தான் கேட்கும்படி இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கையில் ஒரு தகர டின்னோடு குனிந்து நின்ற சிறுமிதான் நான். மரக்காணத்து உப்பளத்தில், உப்பங்கழியிலிருந்து தண்ணீர் இறைக்கிற இன்ஜின் கொட்டகையில், என் ஒன்பது வயசும் பத்து வயசும் அப்படிக் குனிந்தபடியேதான் போயின.

என் அப்பா முனுசாமி அந்த இன்ஜினுக்கு டிரைவர். வண்டி ஓட்டுகிறவரை மட்டுமில்லை, நின்ற இடத்தில் ஓடுகிற இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவரையும் எங்கள் பக்கத்தில் 'டிரைவர்' என்றுதான் சொல்வார்கள். அப்பாவை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம். அளத்தில் அத்தனை பேரும் கால் வெடித்து, முகம் கருகி வெயிலில் நிற்க, நைனா மட்டும் கொட்டகை நிழலில் நிற்பார். அந்தப் பெருமை எங்கள் வீட்டுக்கே இருந்தது, எனக்கு இன்றைக்கும் இருக்கிறது, அதை எதற்கு மறைப்பது. உப்புக் கையோடு யாராவது இன்ஜின் பக்கம் வந்தால் நைனா விடமாட்டார். ஊரில் குடிக்கவே நல்ல தண்ணீர் கஷ்டமாக இருந்த காலத்தில், கொட்டகை வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இன்ஜினுக்காக என்றே நிற்கும்; அதில் கை கழுவிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடலாம், முதலாளியாகவே இருந்தாலும். கொட்டகைக்குப் பின்னால் முதலாளி விட்ட குடிசையில் இருந்தோம். டிரைவர் வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்தக் குடிசை.

இன்ஜின் சங்கதி தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். டீசலில் வருகிற கசடு இன்ஜினுக்குள் போகாமல் பிடித்துக்கொள்வது ஃபில்டர். அது அடைத்துக்கொண்டால் கழற்றி வேறு போட வேண்டும், அப்படிக் கழற்றும்போது குழாய்க்குள் காற்று நுழைந்துவிடும். 'ஏர் புடிச்சிக்கிச்சு' என்பார்கள். காற்று உள்ளே இருந்தால் டீசல் போகாது. அதனால் ஃபில்டர் தலையில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கீழே குமிழ் மாதிரி இருக்கிற கைப் பம்பை மேலும் கீழுமாக அடிக்க வேண்டும். ஸ்க்ரூ ஓரத்தில் முதலில் நுரை வரும், பிறகு ஒன்றிரண்டு குமிழி வரும், அதற்கும் பிறகுதான் கண்ணாடி மாதிரி வெறும் டீசல் வழியும். அப்போதுதான் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே முடுக்கிவிட்டால் இன்ஜின் கிளம்புவதற்குக் கிளம்பிவிடும், கொஞ்ச நேரம் ஓடி நம்மை நம்பவைக்கும், பிறகு விக்கி விக்கி நின்றுவிடும்.

அந்த நுரையைப் பார்க்க நைனாவுக்குக் கண் இல்லாமல் போனது. வருஷக்கணக்காக உப்பு வெளுப்பில் பட்டுத் திரும்புகிற வெயிலைப் பார்த்துப் பார்த்து, முதலில் கண்ணில் நீர் வழிந்தது, அப்புறம் எல்லாம் புகை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குடிசைக்கு அடுத்த பாத்தியில் உப்பு வாருகிற அஞ்சலை அக்கா ஒருநாள், "இன்னா டிரைவரே, எதிர்ல வர்றேன், பாத்தும் பாக்காத மாதிரி போற, புதுப் பொண்டாட்டி கட்டிக்கினியா?" என்று கேட்க, நைனா நின்று, குரல் வந்த பக்கம் திரும்பி, "உன் மூஞ்சியப் பாத்தா கண்ணு கூசுது அஞ்சல, அதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நான் மூணாவது முடித்திருந்தேன். நாலாவதுக்குப் போக வேண்டிய சமயத்தில், "இந்த ஒரு சீசன் மட்டும் கூட இருந்துடு பாப்பா" என்றார் நைனா. அம்மா தனியாகக் கூப்பிட்டு, "உங்க நைனாவுக்குக் கண்ணு இனிமே நீதான்டி. வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா இன்னிக்கே சட்டி பானைய தூக்க வேண்டியதுதான்" என்றாள். நைனா கை, என் கண், இரண்டும் சேர்ந்து ஒரு டிரைவர். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் "நின்னுச்சா?" என்று கேட்பார், "நின்னுச்சு நைனா" என்பேன். ஆள் இருந்தால் கேட்கமாட்டார். வழிகிற டீசலைப் பிடிக்க நான் வைத்திருக்கிற டின்னை, நுரை நின்றதும் நகத்தால் ஒருதரம் தட்டுவேன். 'டிங்' என்று கேட்டதும் முடுக்கிவிடுவார். அளத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்றைக்குக் காலையில், என்னோடு மூணாவது படித்த பெண்கள் கரை மேல் வரிசையாகப் போனார்கள். எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கையில் புதுப் புத்தகம். அதில் ஒருத்தி கொட்டகையைப் பார்த்து, "ஏ டிரைவரம்மா, வண்டி கெளம்பிடுச்சா?" என்றாள். மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கையெல்லாம் டீசல். பாவாடையில் துடைத்தேன், பாவாடைதான் கெட்டது.

அந்தக் காலையில்தான் முதலாளி வந்தார். நைனா கண்ணைப் பற்றி யாரோ காதில் போட்டிருக்க வேண்டும். கையில் புது ஃபில்டரோடு வந்தவர், குடத்துத் தண்ணீரில் கை கழுவிவிட்டு, "இத மாத்திடுப்பா முனுசாமி, நானும் பாக்குறேன்" என்றார். நைனா எப்போதும்போலக் கழற்றினார், மாட்டினார். அதெல்லாம் கைப்பழக்கம், ஒரு தடுமாற்றம் இல்லை. ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப் பம்பை அடிக்க ஆரம்பித்தார். நான் டின்னை வைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி எனக்குப் பின்னால் குனிந்து நின்றார், அவர் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது.

நுரை வந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, நிற்கிற மாதிரியே இல்லை. கரை மேல் அந்தப் பெண்களின் சத்தம் இன்னும் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றுபோனால் நைனாவுக்கு வேலை போகும், வேலை போனால் என் கண் அவருக்கு வேண்டாம், கண் வேண்டாமென்றால் நான் பள்ளிக்கூடம் போகலாம். என் புத்தி அந்த நேரத்தில் இப்படித்தான் ஓடியது. குழந்தை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். தெரிந்துதான் செய்தேன். நுரை வந்துகொண்டிருக்கும்போதே டின்னைத் தட்டினேன்.

நைனாவின் கை நின்றது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. முகத்தை என் பக்கம் லேசாகச் சாய்த்தார். பிறகு ஸ்க்ரூவை முடுக்கினார்.

ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார், இன்ஜின் பிடித்துக்கொண்டது. கழித் தண்ணீர் குழாயில் வந்து வாய்க்காலில் விழுந்தது. தண்ணீர் முதல் பாத்தியின் மடையைத் தொடுவதற்குள் இன்ஜின் ஒரு விக்கல் விக்கியது, இன்னொன்று விக்கியது, நின்றுவிட்டது. கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

"நுரை கக்கிக்கினு இருக்கும்போதே முடுக்குறியே முனுசாமி," என்றார் முதலாளி. "உனக்குத் தெரியலியா?"

"தெரியலைங்க."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா இருக்குமுங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா வெச்சிருப்பீங்களா?"

முதலாளி நின்றுபோன இன்ஜினைப் பார்த்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், இன்ஜினுக்குக் கண் தெரிகிற ஆள் வேண்டும், அவ்வளவுதான். "இந்தப் பொண்ணு சொல்லித்தான் முடுக்குனேன்" என்று நைனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காக நான் காத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் குடத்துப் பக்கம் தடவிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

அந்த வாரமே குடிசையைக் காலி செய்தோம். பள்ளிக்கூடம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். டிரைவர் வேலை இருந்த வீட்டிலேயே என்னை அனுப்ப முடியவில்லை, வேலை போன வீட்டில் யார் அனுப்புவார்கள். அதே அளத்தில் அம்மா தலையில் ஒரு உப்புக் கூடை ஏறியது, என் தலையில் ஒரு கூடை ஏறியது. ஊர் ஓரத்தில் கூரை போட்டுக்கொண்டோம். நைனா வாசலில் உட்கார்ந்து வலை பின்னக் கற்றுக்கொண்டார், கண் இல்லாவிட்டாலும் விரலுக்கு முடிச்சு தெரியுமல்லவா.

காற்று அளத்துப் பக்கமிருந்து வீசுகிற நாளில் புது டிரைவர் இன்ஜின் ஓட்டுவது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். வலை பின்னிக்கொண்டே இருக்கிற நைனா திடீரென்று விரலை நிறுத்தி, "அதுல காத்து இருக்குது" என்பார். கொஞ்ச நேரத்தில் தூரத்து இன்ஜின் விக்கும், நின்றுவிடும். ஒருதரம்கூட அவர் சொன்னது தப்பியதில்லை. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும், இன்ஜின் ஓடாத மழைக்காலத்திலும், படுத்துக்கொண்டிருக்கும்போது அந்த விக்கல் எனக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து நைனாவைப் பார்ப்பேன். அவர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம். ஒருநாள் அந்தப் புது டிரைவர் கூனிமேட்டில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். இன்ஜின் ஏர் பிடித்து நின்றிருந்தது, பாத்தியெல்லாம் தண்ணீர் இல்லாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அஞ்சலை அக்கா என்னைப் பார்த்து, "அடியே, உங்க அப்பன் செஞ்சத கிட்டயே நின்னு பாத்தவதானே நீ, போய் ஏர எட்றி. இல்லன்னா வெயில்ல எங்கள கருவாடா காய வெச்சி எடுத்துக்கினு போ" என்றாள். போனேன். குடம் இல்லை, என் தூக்கு வாளியிலிருந்த குடிதண்ணீரில் கை கழுவினேன். ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, என் வாழ்க்கையில் முதல் தரமாக அந்தக் கைப் பம்பைத் தொட்டு அடித்தேன். அதுவரைக்கும் என் வேலை பார்ப்பது மட்டும்தானே.

காற்று இருக்கிறவரைக்கும் அது பொதுபொது என்று போனது. அடிக்க அடிக்க, நுரை குறைந்து குமிழியாக மாறும்போது, கட்டைவிரலுக்கடியில் கனத்தது. கண்ணுக்கு நுரை நின்றது தெரிவதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். மூடினாலும் தெரிந்தது. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவ்வளவு தெளிவாக இருந்தது. இன்ஜினோடு இருபது வருஷம் கிடந்த மனுஷனுக்கு அன்றைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பின்னால் பெண்கள் "ஆச்சாடி, ஆச்சாடி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெறும் டீசல் வழிந்து வெகுநேரம் ஆன பிறகுதான் ஸ்க்ரூவை முடுக்கினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வாசற்படி ஏறும்போதே நைனா முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்தார்.

"இன்ஜின தொட்டியா பாப்பா?"

"ஆமா நைனா."

"ஏர் போச்சா?"

"போச்சு."

கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "கை சொல்லிச்சா?" என்று கேட்டார்.

"சொல்லிச்சு" என்றேன்.

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். 'அப்போ ஏன் நைனா முடுக்குன?' என்று ஒரே ஒரு கேள்வி, அது நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கேட்டால் நான் தட்டியதை முதலில் சொல்ல வேண்டும். "சோறு போடட்டுமா?" என்று கேட்டேன். "போடு" என்றார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார், நானும் அம்மா வீட்டுக்கு வந்து வந்து போனேன், அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவேயில்லை.

இப்போது கொட்டகை இல்லை, குடிசை இல்லை. கம்பத்திலிருந்து ஒயர் இழுத்து மோட்டார் வைத்திருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வருகிறது, யார் கண்ணும் வேண்டாம், யார் கையும் வேண்டாம். அந்தக் கரை வழியாகப் பஸ்ஸுக்குப் போகும்போது கால் தானாக மெதுவாகிவிடுகிறது. விரல் சொன்னதை விட்டுவிட்டு, பெற்ற பிள்ளை பொய் தட்டாது என்று நம்பி முடுக்கினாரா? இல்லை, நான் பொய் தட்டுகிறேன் என்று தெரிந்து, போகட்டும், இவளாவது போய்ப் படிக்கட்டும் என்று முடுக்கினாரா? ஒருநாள் முதலாவது என்று தோன்றுகிறது, மறுநாள் இரண்டாவது என்று தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் தட்டினேன் என்று ஒருதரம் வாயைத் திறந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேட்டால் சொல்லக்கூடிய மனுஷன்தான் அவர்.