மேட்டில் மிஞ்சிய செடிகள்

எழுபதுகளின் கடைசியில் நானும் அக்காவும் மலைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்தோம். நிரை முடிகிற மேட்டில் காடு தொடங்கும். பாசி மூடிய குட்டை மரங்கள், எந்நேரமும் ஈரம். மரங்களுக்கு நடுவே இடுப்புயரத்தில் சில செடிகள் செம்மஞ்சள் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும். மேட்டுப் பூ என்போம். கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கம் அதை நான் பார்த்ததில்லை.

அத்தான் இறந்தபின் அக்கா யாரோடும் அதிகம் பேசுவதில்லை. இடைவேளையில் கூடையை இறக்கிவிட்டு அந்தச் செடிகளருகே போய் உட்கார்ந்துகொள்வாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தெம்பும் இல்லை.

எண்பதுகளில் காய்கறி போட ஒருவர் அந்த மேட்டை எடுத்தார். ஒருநாள் காலை புல்டோசர் வந்தது. ஓட்டியவர் தமிழர். அக்கா நேரே போய் அவர்முன் நின்றாள்.

"அண்ணே, அந்த ஓரத்துச் செடிங்கள மட்டும் விட்டுருங்க."

"எனக்கென்னம்மா, விடலாம்லா. நாளைக்கு வேற ஆளு வந்து தள்ளுவான்."

"நாளைக்கு வர்றவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் எங்கள் நிரையை ஒட்டி ஒரு திட்டை விட்டுவிட்டுப் போனார். அப்புறம் யாரும் தள்ள வரவில்லை. ஆனால் மரங்கள் போனதும் வெயில் நேராக விழுந்தது. பாசி காய்ந்து உதிர்ந்தது, இலைகள் சுருண்டன. அக்கா பால் டின்னில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்த வருஷம் பூக்கவில்லை.

மழைக்காலத்தில் மேடு சரிந்து எங்கள் நிரைமேல் விழுந்தது. மண்ணை வார எங்களைத்தான் அனுப்பினார்கள். வாரும்போது வேரோடு ஒரு செடி வந்தது. அக்கா கையிலெடுத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டுப் பாப்போமா?" என்றேன்.

"வராது. லயத்து வீட்டு வாசல் மண்ணு இதுக்கு ஆகாது. வா, முடிச்சுட்டுப் போலாம். இடுப்பு விட்டுப்போச்சு."

அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுத்தாள்.

பிறகு அவள் பேக்டரியில் தேயிலைத்தூள் சலிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அதே நிரையில் இருந்தேன். மேலே முட்டைக்கோஸ் வந்தது. மருந்தடிக்கும் நாளில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு பறித்தோம்.