கோபத்தில் என் பங்கு

முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் பல வருடங்களாகத் தையல் வேலை செய்கிறேன். நாற்பத்தாறு வயதாகிவிட்டது, கண் மங்குகிறது என்று நினைத்துக் கண்ணாடி வாங்கினேன். அதைப் போட்ட பிறகுதான் தெரிந்தது, நடுங்கியது கை.

மார்கழிக் குளிரிலும் வியர்த்தது. சும்மா நிற்கும்போதே நெஞ்சு படபடத்தது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தேன். மாதவிடாய் நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள் தைக்கக் கொடுக்க வந்த பெண்கள்.

எல்லாவற்றிலும் மோசம், உட்கார முடியாததுதான். சமைத்துக்கொண்டிருக்கும்போதே வீட்டைக் கூட்டுவேன். அதைப் பாதியில் விட்டு அலுமாரியைத் திறந்து துணி மடிப்பேன்.

என் கணவர் செல்வம் அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். மாலையில் வந்து டீவிக்கு முன்னால் கதிரையில் அமர்ந்தால் எழும்ப மாட்டார். மகள் படிக்கக் கொழும்புக்குப் போன பிறகு எங்களுக்குள் பேச ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அது பழகிப்போன விஷயம். ஆனால் அந்த நாட்களில் அவர் தேநீர் உறிஞ்சும் சத்தமே எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் கோப்பையைப் பறித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டேன்.

"உங்களோட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் ஒண்ணுதான். இனி என்னால ஏலாது."

அவர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான். நான் கெலிஓயாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.

"அக்கா, கழுத்துல வீங்கியிருக்கே," என்று முதலில் கவனித்தவள் தங்கைதான். அவளே டொக்டரிடம் அழைத்துப் போனாள்.

டொக்டர் என் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் (கழுத்தின் முன்பக்கம் இருந்து உடலின் வேகத்தை நடத்தும் சுரப்பி) அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது.

"கோபம் கூடுதலா வருதா?" என்று கேட்டார்.

"வீட்டை விட்டே வந்துட்டேன் டொக்டர். அப்ப நான் பேசினதெல்லாம் இந்த நோயா?"

"கோபத்துக்கு வேகம் குடுத்தது தைரொயிட். எதுக்குக் கோபம்னு அதுக்குத் தெரியாதுதானே. மருந்து வேலை செய்யட்டும். பிறகு யோசிச்சுப் பாருங்க."

செய்தி கேட்டுச் செல்வம் வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எல்லாம் நோய்தானே சாந்தி. மாத்திரை போட்டா சரியாகிடும். வா, வீட்டுக்குப் போவோம்."

அந்த நிம்மதி என்னைப் பயமுறுத்தியது. என் வார்த்தைகளையும் வீக்கத்தோடு சேர்த்துக் கரைத்துவிடுவார்கள் போலிருந்தது. முதலில் சுகமாகட்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

படபடப்பைக் குறைக்கும் மாத்திரை சீக்கிரம் கேட்டது. சுரப்பியை அடக்கும் மாத்திரைக்கு வாரக்கணக்கில் பொறுக்க வேண்டியிருந்தது. தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே வரச் சொன்னார் டொக்டர் (இந்த மருந்து அபூர்வமாக இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்). அது வரவில்லை. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. கை அடங்கியது. ஒவ்வொரு காலையும் கண் விழித்து, கோபம் இன்னும் இருக்கிறதா என்று தேடினேன். முக்கால்வாசி போயிருந்தது. மிச்சம் இருந்தது.

அடுத்த முறை அவர் வந்தபோது, குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"இப்ப எனக்குப் படபடப்பு இல்ல. ஆனா அன்னைக்குச் சொன்னது இன்னும் இருக்கு. நான் உங்களோட இருந்தும் தனியாத்தான் இருந்தேன்."

அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"நானும்தான்," என்றார். "என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல சாந்தி."

இத்தனை வருடத்தில் அவர் தன்னைப்பற்றி என்னிடம் சொன்ன முதல் விஷயம் அது. அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குத் திரும்பினேன்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மருந்தை விடாதீர்கள். நீங்கள் சொன்னதையும் முழுக்க விட்டுவிடாதீர்கள்.

இப்போது மாலைகளில் அவர் பேசப் பழகுகிறார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுவார். முன்பென்றால் அந்த நேரத்தில் நான் வீடு முழுவதும் சுற்றி வந்திருப்பேன். இன்னமும் மேசைக்கடியில் என் கால் ஆடுகிறது. எழுந்து போய்விடலாம் என்றும் தோன்றுகிறது. உட்கார்ந்திருப்பது மாத்திரையா, நானா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று இருக்கிறேன்.