தண்ணீர் சுமக்காத ஆண்பிள்ளைகள்

நுவைருக்கு வாய் அதிகம். தடத்தைப் பார்த்தே அது யாருடைய ஒட்டகம், சினையா இல்லையா என்று சொல்லிவிடுவான். அதே வேகத்தில் யாரையும் ஒரு சொல்லில் தலைகுனியவும் வைத்துவிடுவான். சூடான் பாலையில் ஒட்டகம் மேய்க்கும் எங்கள் கபாபீஷ் கூட்டத்தின் கூடாரங்களில் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. சித்தப்பா மகன் நான், எனக்கும் சலுகை இல்லை.

அந்த வருஷம் பேய்மழை. ஏழு வருஷம் கழித்து வடக்கே மணலில் பச்சை தலைகாட்டியது. அந்தச் செடிகளை மேய்கிற ஒட்டகத்துக்கு மாதக்கணக்கில் கிணறு வேண்டாம். அதன் பாலே எங்களுக்குச் சோறும் தண்ணீரும். அங்கே தண்ணீர் சுமந்து போகிறவன் ஆண்பிள்ளையே அல்ல என்பது எங்கள் வறட்டு ஜம்பம்.

நாங்கள் மூன்று பேர், அறுபது ஒட்டகங்கள். மூன்றாவது ஆள் ஜாதல்லா, நுவைரின் அக்கா பத்தூலின் புருஷன். புறப்படும்போது அவன் சேணத்தில் ஒரு தோல்பைத் தண்ணீரைக் கட்டினான்.

"என்ன மச்சான், குளிக்கப் போறீங்களா?" என்றான் நுவைர்.

"பால் வயித்துக்கு ஆகலைன்னா வேணும்ல."

"ஒட்டகக்குட்டியே பாலைக் குடிச்சிட்டு சும்மா இருக்கு. நீங்க அதைவிடக் குழந்தையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஜாதல்லா பையை அவிழ்த்து, தண்ணீரை ஆடுகளுக்கு ஊற்றினான்.

முப்பதாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பால் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. சேணத்தில் ஏற்றினோம், சரிந்து விழுந்தான். வாயில் "தண்ணி" என்ற ஒரே சொல். மழைக்குட்டைகள் வற்றி வெடித்துக் கிடந்தன. கிணறு தெற்கே இரண்டு நாள்.

நுவைர் ஒரு பால் பையைக் காலிசெய்து எடுத்துக்கொண்டு, ஒட்டகத்தில் ஏறித் தெற்கே போனான். நான் பச்சைத் தண்டுகளை நசுக்கி ஜாதல்லா வாயில் சாறு பிழிந்தேன். கசப்பு தாங்காமல் துப்பினான். மூன்றாம் நாள் காலையில் உயிர் போய்விட்டது. உடலைக் கழுவத் தண்ணீர் இல்லை. மணலைத் தொட்டு முகத்திலும் கைகளிலும் தடவி அடக்கம் செய்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில் நுவைர் நடந்து வந்தான், முதுகில் தண்ணீர். அடித்து ஓட்டியதில், பச்சை மேய்ந்து கொழுத்த ஒட்டகம் வேகம் தாங்காமல் வழியிலேயே விழுந்துவிட்டதாம். எனக்கு இரக்கம் வரவில்லை. அவனை அடிக்கத்தான் கை துடித்தது. அடித்தால் என்னையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

"காய்ச்சல்ல போயிட்டார்னு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் அக்காவுக்கு எதுக்கு?" என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டினான்.

பத்தூல் கேட்டது ஒன்றே ஒன்று. "கடைசியா என்ன கேட்டார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நுவைர் முந்திக்கொண்டான். "தண்ணி, அக்கா. நான்தான் அந்தப் பையை அவுக்க வெச்சேன். நான்தான் கொன்னேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. அழவும் இல்லை.

"புறப்படறதுக்கு முந்தின நாள் அந்தப் பையை அவர் உக்காந்து தைச்சுக்கிட்டிருந்தார்டா," என்றாள். "பொம்பளையாட்டம் பயப்படறீங்களேன்னு நான்தான் மொதல்ல சிரிச்சேன்."