நீலத் தார்ப்பாய்க்குள் இருந்த வீடு

எமில் வாவ்ரெக் வேலைக்காலம் முழுவதும் கேஸ் மீட்டர் அளவு எடுத்தவர். எங்கள் ஆற்றங்கரையில் அவர் இறங்கிப் பார்க்காத நிலவறை கிடையாது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் கொதிகலனுக்குப் பின்னால் புட்டியை ஒளித்துவைக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதனும் சனியும் மலையடிவாரத்து டிராம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் வேலை செய்வார்.

அங்கே வருகிற எல்லாரும் அப்படித்தான். உருக்காலை, தபால் நிலையம், சுரங்கம் என்று எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆண்கள். வீட்டில் ஒரு பல்பை மாற்றச் சொன்னால் முணுமுணுப்பார்கள். அங்கே போய் ஒரு பித்தளைக் கைப்பிடியை நாளெல்லாம் உட்கார்ந்து தேய்ப்பார்கள். என் வீட்டுக்காரரும் உயிரோடு இருந்தவரை அவர்களில் ஒருவர். அதனால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு, மயக்கம் கிடையாது.

எமிலை எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது ஓல்கா ஹுடாக்கால். நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் தோட்டத்தைப் பார்த்த அறையில் இருந்தவர். இடுப்பெலும்பு உடைந்து வந்தவர். நாக்கு உடையவில்லை.

ஓல்காவின் வீடு ஒரு டிராம் வண்டி. டிராம் தடங்களை மூடிய காலத்தில் வண்டிகளின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் மலிவாகத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவர்கள் கோழிக்கூண்டு ஆக்கினார்கள், வேட்டைக் குடிசை ஆக்கினார்கள். அவருடைய கணவர் மிஹால் ஒன்றை வாங்கி மேட்டில் கொண்டுவந்து வைத்து, இரண்டு பக்கமும் அறை சேர்த்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கூரையாகப் போட்டுவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே சமையலறையும் படுக்கையறையும் டிராம். மூன்று பிள்ளைகளும் அதற்குள்தான் பிறந்தார்கள்.

ஒருநாள் மீட்டர் பார்க்கப் போன எமில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஓல்கா குழாயைத் திறந்தபோது திரைச்சீலைக்குப் பின்னால் வரிசையாக மேல்பக்கம் வளைந்த டிராம் ஜன்னல்களை எமில் பார்த்துவிட்டார். தண்ணீரைக் குடிக்க மறந்து நின்றாராம். அடுத்த முறை வந்தது மீட்டருக்காக அல்ல.

"இது 614ஆம் நம்பர் வண்டிம்மா. இந்த வகையில ரெண்டுதான் மிச்சம். இன்னொண்ணு எங்ககிட்ட இருக்கு" என்றாராம்.

"என் சமையல்கட்ட மியூசியத்துல வைக்கப் போறியா? அப்ப நான் எங்க அடுப்பு மூட்டுறது, உன் தலையிலயா?"

அவர் விடவில்லை. பல வருடம் போய்வந்தார். வாசல் பனியை அள்ளிப்போட்டார், சாக்கடை அடைப்பை எடுத்தார், கிறிஸ்துமஸுக்கு வால்நட் ரோல் என்கிற இனிப்பு ரொட்டி வாங்கிப்போனார். அதெல்லாம் அந்த அம்மாளுக்காகவா, டிராமுக்காகவா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. பின்னாளில் அந்தக் கேள்விதான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஓல்கா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் அரிசோனாவிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். வீட்டை விற்கலாமா, இடிக்கலாமா என்று பேசினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எமில் சொன்னார்: "நீங்க இல்லத்துக்குப் போங்கம்மா. வண்டிய நான் பாத்துக்கறேன். அது மறுபடி ஓடும். முதல் சவாரி உங்களுக்குத்தான்." அந்த வார்த்தையை நம்பித்தான் ஓல்கா தலையை ஆட்டினார்.

வீட்டைத் தோலுரிப்பதுபோல் உரித்தார்கள். மேல்கூரையைப் பிரித்து, பக்கத்து அறைகளை இடித்து, கிரேன் வைத்து டிராமைத் தூக்கினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் எமில் கல்யாண மாப்பிள்ளைபோல் சிரித்துக்கொண்டு நின்றார்.

கொட்டகையில் இடம் இல்லை. அடுத்த கோடையில் புதுக் கொட்டகை எழும்பும், அதுவரை வெளியே இருக்கட்டும் என்று வண்டியை நீலத் தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றி அடியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். அந்த ஆட்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. தார்ப்பாய் போட்டுவிட்டால் காப்பாற்றியாகிவிட்டது என்று நினைப்பார்கள். படுக்கைப்புண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்தால் என்ன ஆகும்? மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும். உள்ளே வேர்த்து வேர்த்து அழுகும். ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே காலமெல்லாம் காய்ந்து கிடந்த மரம் அது. அந்த வசந்தத்தில் வெள்ளம் வந்து அருங்காட்சியகத்துத் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனது. இருந்த ஆட்களெல்லாம் அதைச் சீர்செய்யப் போனார்கள். கொட்டகை அடுத்த கோடைக்குத் தள்ளிப்போனது, பிறகு அதற்கடுத்த கோடைக்கு.

எமில் ஞாயிறுதோறும் இல்லத்துக்கு வருவார். நான் ஓல்காவின் கால்நகத்தை வெட்டிக்கொண்டிருப்பேன், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தி சொல்வார்.

"இந்த வாரம் ஜன்னல் சட்டத்துக்கு வார்னிஷ் அடிச்சோம்மா."

"எத்தன கை?"

"மூணு கை."

"மூணு போதாது. சமையல் ஆவி அடிச்ச மரம் அது. நாலு அடி."

"சரிம்மா."

பச்சைச் சாயம் பூசியது, இருக்கைக்குப் பிரம்பு பின்னியது, மணிக்கயிறு மாட்டியது என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. ஓல்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நானும் நம்பினேன். கையில் சாயக்கறையோடு வருகிற மனிதரை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

தொண்ணூறாவது பிறந்தநாள் நெருங்கியபோது ஓல்கா என்னிடம், "இர்மா, இத்தன வேல முடிஞ்சுடுச்சே, இன்னும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? பொறந்தநாளுக்கு என்னை வண்டியில ஏத்திவிடு" என்றார்.

ஏற்றிவிடுவதற்கு முன்னால் படி எவ்வளவு உயரம், கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே போனேன். வாசலில் ராய்ஸ் என்பவர் நின்றார். அங்கே தலைவர் மாதிரி. ஹுடாக் வீட்டு வண்டி எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பொணமா? பின்னாடி கெடக்கு" என்று சிரித்தார். "பித்தளையும் கண்ணாடியும் எங்க 622ஆம் நம்பர் வண்டிக்கு எடுத்துக்கிட்டு மிச்சத்த வெட்டப்போறோம். ஏன், விறகு வேணுமா?"

பின்னால் போனேன். தார்ப்பாய் வெயிலில் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. ஓரத்தைத் தூக்கியதும் முகத்தில் அடித்த நாற்றம் எனக்குப் பழகியது. பல நாள் மாற்றாத கட்டுத்துணியின் நாற்றம். அடிச்சட்டம் கறுத்து, தரை நடுவில் தொங்கிப்போயிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் அதே சாயலில் இன்னொரு வண்டி நின்றது. புதுப் பச்சை, நாலு கை வார்னிஷ், பிரம்பு இருக்கை. அது 622.

எமில் அதற்குள்தான் இருந்தார். என் கையில் அளவு நாடாவைப் பார்த்ததும் கையில் இருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"சோதிச்சுப் பாத்தது நான்தான்" என்றார். கேட்காமலே சொன்னார். "குத்தூசிய வெச்சு அழுத்தினேன். பிடிவரைக்கும் போயிருச்சு. எங்க குத்தினாலும் அப்படித்தான். கூட்டத்துல அதையே சொன்னேன். வெட்டலாம்னு கை தூக்கினதும் நான்தான், இர்மா. தேறாததத் தேறும்னு எப்படிச் சொல்றது?"

"மரத்தப் பத்திக் கூட்டத்துல உண்மையச் சொல்லியிருக்க. ஓல்காகிட்ட?"

அவர் 622இன் பக்கவாட்டைத் தடவினார். "ரெண்டும் ஒரே பட்டறையில ஒரே வருஷம் செஞ்சது. நம்பர் தகட்ட மட்டும் மாத்தி வெச்சுட்டா... அவங்களுக்குக் கண்ணும் சரியில்ல. ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே."

"யாரோட சந்தோஷம், எமில்? அவங்களோடதா, உன்னோடதா?"

அவர் தூரிகையை மறுபடி கையில் எடுத்தார்.

"செத்துக்கிட்டு இருக்கறவங்ககிட்டகூட நான் பொய் சொன்னதில்ல. நாளைக்கு ஞாயிறு. நீயா வந்து சொல்லு. இல்லன்னா திங்கக்கெழம நான் சொல்லுவேன். நான் சொன்னா உன்னை விட்டுக்கொடுத்துத்தான் சொல்லுவேன்."

மறுநாள் வந்தார். சவரம் செய்துகொண்டு, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கையில் வால்நட் ரோலோடு. அறைக்குள் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னார். தார்ப்பாய், வெள்ளம், குத்தூசி, தூக்கிய கை. எதையும் குறைக்கவில்லை, வெள்ளத்தின்மேல் பழி போடவும் இல்லை. அது ஒன்றுக்காகவாவது அவரைப் பாராட்டத் தோன்றியது.

ஓல்கா போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். பிறகு, "எங்க வீட்டு மேல்கூரையப் பிரிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நாங்கதாம்மா."

"மிஹால் வருஷா வருஷம் அதுமேல தார் பூசுவாரு. முதுகு ஒடிஞ்ச வருஷம்கூடப் பூசுனாரு. ஒரு சொட்டு உள்ள விழுந்ததில்ல."

"தெரியும்மா."

"அப்ப பச்சப் பெயிண்டு?"

"அது வேற வண்டி."

"ராத்திரி தூக்கம் வராதப்பல்லாம் நான் அந்தப் பச்சையத்தானே நெனச்சுப் படுத்திருந்தேன்" என்றார் ஓல்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "இர்மா, இந்தாள வெளிய அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். நடைக்கூடத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். நாடியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். வேறென்ன செய்ய?

பிறந்தநாளன்று ஓல்கா நீலச் சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார். எங்கே என்றேன். "என் வீட்டப் பாக்கணும். வெட்டறதுக்கு முன்னாடி."

வேனில் கூட்டிப்போனேன். எமில் தார்ப்பாயை முழுவதும் அகற்றிவைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நாற்காலியை வண்டியின் பக்கமாக ஒட்டி நிறுத்தினேன். அடுப்பு இருந்த இடத்தில் ஓல்கா விரலை வைத்து அழுத்தினார். மரம் ஊறிய ரொட்டிபோல் பிய்ந்து வந்தது. அதைக் கொஞ்சநேரம் உருட்டிப் பார்த்துவிட்டு மடியில் துடைத்துக்கொண்டார். அழவில்லை. எமில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராய்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஒரு சவாரி போறீங்களா மேடம்? வேற வண்டிதான்..." என்று இழுத்தார்.

"தல சீவிக்கிட்டு வந்திருக்கேன். வெறுமனே திரும்பிப் போகவா? ஓட்டுங்க."

பலகை போட்டு நாற்காலியை ஏற்றினோம். எமில்தான் ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கண்டக்டர் கயிற்றை இழுத்து இரண்டு மணி அடித்தால் கிளம்ப வேண்டும். ராய்ஸ் இரண்டு முறை அடித்தார். வண்டி நகரவில்லை. எமிலின் கை கைப்பிடியிலேயே உறைந்திருந்தது. ராய்ஸ் மறுபடி அடித்தார்.

"காது செவிடாப்போச்சா அந்தாளுக்கு?" என்றார் ஓல்கா, எமிலுக்குக் கேட்கும்படி. வண்டி நகர்ந்தது.

ஆற்றோரமாகப் போய்த் திரும்பினோம். இறங்கும்போது ஓல்கா ராய்ஸிடம், "நல்லா ஓடுது. இது யாரு வீடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இதுல யாரும் குடியிருக்கலம்மா. மூடின நாள்லேருந்து கொட்டகையிலயேதான் இருக்கு."

"நல்லவேள" என்றார். எமில் நீட்டிய கையைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எமில் ஞாயிறுகளில் வந்தார். உள்ளே அனுமதி இல்லை. வரவேற்பறையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வால்நட் ரோலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஓல்கா அதை யார் கொடுத்தது என்று கேட்காமல் தின்பார். "சக்கரை அதிகம்" என்பார். 614ஐ வெட்டிய அன்று எமில் முதலிலிருந்து கடைசிவரை அங்கேயே நின்றார் என்று ராய்ஸ் சொன்னார். சாப்பிடவும் போகவில்லையாம்.

அந்த இலையுதிர் காலத்தில் மலைக்கு அப்பாலிருந்து ஒரு பண்ணைக் குடும்பம் அருங்காட்சியகத்துக்கு ஆள் அனுப்பியது. அவர்களிடம் கோழிக்கூண்டாக ஒரு டிராம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறியது. பார்த்துவர எமிலை அனுப்பினார்கள். திரும்பி வந்து, "அங்கயே இருக்கட்டும்" என்றார்.

"ஏன்யா, நாம மியூசியம் நடத்துறமா, கோழிக்குக் காவல் காக்கறமா?" என்று ராய்ஸ் கத்தினாராம்.

"கொட்டகையக் கட்டு. கூரை போட்டு முடி. அப்புறம் நானே தூக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாராவது கிரேன் கொண்டுபோனா அதுக்கு முன்னாடி நான் படுத்துக்குவேன்."

நாற்பது வருடமாக அங்கே எமில் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர் பக்கம் தூக்கினார்கள். மீதிப் பேர் அடுத்த சனிக்கிழமை அவரோடு காபி குடிக்கவில்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. ஏணியும் தார் டின்னும் வாங்கிக்கொண்டு தனியாகப் பண்ணைக்குப் போனார். எழுபத்தைந்து வயதில் ஏணி ஏறுகிறவர்கள் எந்தக் கட்டிலில் வந்து படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஏறினார். குளிருக்கு உள்ளே அடுப்பு வைத்துப் புகைக்குழாய் விட்டிருந்த அந்தக் கோழிக்கூண்டின் கூரைக்கு மூன்று சனிக்கிழமைகள் தார் பூசினார்.

இதை ஓல்காவுக்குப் போர்வை மாற்றும்போது சொன்னேன். சொல்ல வேண்டுமென்று திட்டம் ஒன்றும் இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"புகைக்குழாயச் சுத்தி ரெண்டு தடவ பூசினானா?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? கீழ வரவேற்பறையிலதான் உக்காந்திருக்காரு. நீங்களே கேளுங்க."

தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். செய்தேன். சீப்பைக் கேட்டார். கொடுத்தேன்.

"வரச்சொல்லு."

எமில் வந்து கதவருகில் நின்றார். நகத்திலெல்லாம் தார். ஓல்கா அவர் கையையே பார்த்தார்.

"எந்த மாசம் பூசின?"

"அக்டோபர்மா."

"அறிவிருக்கா? குளிர்ல தார் ஒட்டாது. வெயில் காலத்துல பூசணும். அடுத்த ஜூலைல மறுபடி பூசு."

"சரிம்மா."

"புகைக்குழாய்?"

"ரெண்டு தடவ."

ஓல்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தக் கோழிங்களுக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லாமப் போச்சு" என்றார்.

எமில் தலையைக் குனிந்துகொண்டார். போகச் சொல்லவில்லை என்பதால் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு நான் அடுத்த அறைக்குப் போனேன்.