வேகம் ஏற்றினால் இறுகும் சேறு

சாம்பல் எல்லாம் ஒன்றுதானே என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நெய்வேலியில் அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குழாய் வழியே தள்ளும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் எனக்கு லேப் வேலை. என் வீட்டுக்காரர் அதே குழாய்ப் பாதையில் ஃபிட்டர்.

அன்று வந்த சாம்பல் சரியில்லை. வழக்கமான சாம்பல் மைக்ராஸ்கோப்பில் கடுகு மாதிரி உருண்டையாகத் தெரியும். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போய்விடும். இது அரைத்த சாம்பல், நொய் மாதிரி முனை உடைந்து கிடந்தது. தண்ணீர் அதே அளவுதான். மெதுவாகக் கலக்கினேன், மோராகச் சுழன்றது. வேகமாகக் கலக்கியதும் குச்சி சட்டென்று நின்று, பீக்கரே கையோடு திரும்பியது. கையை எடுத்தேன், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி இளகிவிட்டது. ஷிப்ட் பஸ் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டினால் ஒருவரும் ஏற முடியாதே, அப்படி. 

லேப் போனிலிருந்து பம்ப் ஹவுஸுக்குப் போட்டேன். குழாய் லைன் அடைத்துக்கொண்டது, வேகம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்றார் ஆபரேட்டர். வளைவில் குழாயைத் திறந்து பார்க்க என் வீட்டுக்காரரை அனுப்பியிருக்கிறாராம். இவர் செல்போனோ, எல்லோருடையதையும் போல, கேட்டில் ஒப்படைத்துக் கிடந்தது.

வேகத்தைக் குறைக்கச் சொன்னேன்.

"கொறைச்சா அடியில தங்கிடும்மா. இத்தினி வருசமா ஏத்தித்தான் தள்ளிக்கினு இருக்கோம்."

அவர் சொன்னது பொய்யில்லை. நீர்த்த சேறு அப்படித்தான் தங்கும்.

"இது அந்தச் சாம்பல் இல்லீங்க. ஏத்த ஏத்த கல்லாவும், பின்னாடி பிரஷர் சேரும், மூட்டத் தொறந்தா மூஞ்சியில பாயும். கொறைங்க, அந்தாண்ட எங்க வூட்டுக்காரரு நிக்கிறாரு."

முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார். நான் போனை வைத்துவிட்டு வளைவை நோக்கி ஓடினேன். இவர் குழாயின் முன் குந்தி, ஸ்பேனரைப் பிடித்தபடி என்னை வேடிக்கை பார்த்தார். இளகிய மூட்டிலிருந்து சேறு சாவகாசமாக வழிந்துகொண்டிருந்தது. அதற்கு நேரே அவர் முகம்.

"சேறே ஓடல, பிரஷர் எங்கேர்ந்து வரும்னு தொறந்துகினு இருந்தேன். ரெண்டு போல்ட்டுதான் பாக்கி. நீ ஏன் இப்பிடி ஓடியார?"

 அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவ்வளவுதான்.

அரைத்த சாம்பல் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வாரம் பம்ப்பில் புது ஆள். நேற்று நேரில் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார். நான் திரும்பி வாசலைத் தாண்டுவதற்குள் பம்ப்பின் சத்தம் ஏறியது. என் வீட்டுக்காரருக்கும் அதே ஷிப்ட்.