சித்திக்குப் போன ‘நீங்கள்’

என் போனில் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் இருக்கிறது. காரியத்தைச் சொல்லிவிட்டால் போதும். அதுவே திட்டம் போட்டு, புக்கிங் செய்து, என் பெயரில் மெசேஜும் அனுப்பிவிடும். எனக்கோ எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். எதிர்த்துப் பேசாத வேலையாள் கிடைத்ததில் தலைக்கனமும் சேர்ந்துகொண்டது.

கச்சால் தீவிலிருந்து சித்தி கண் ஆபரேஷனுக்குக் கப்பலில் வருவதாகச் சொன்னபோது, ஆபீசில் தலைக்கு மேல் வேலை. கப்பல் வந்து சேரும் இந்த ஊரில், மரைன் ஹில்லில் வீடு இருந்தால் மற்ற தீவுகளிலிருந்து வரும் சொந்தமெல்லாம் அங்கேதான் தங்கும். இங்கே அது எழுதாத சட்டம். அதிலும் இந்தச் சித்தி, அம்மா போனபின் என்னை ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் வைத்து வளர்த்தவள். இருந்தும் எரிச்சல்தான் வந்தது. “சித்தி வருது, பார்த்துக்கோ. என் வேலை கெடக்கூடாது” என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டு வேலையில் மூழ்கிவிட்டேன்.

அது பார்த்துக்கொண்டது. என் வேலை கெடாமலிருக்க ஒரே வழி, சித்தி வீட்டுக்கு வராமலிருப்பதுதான் என்று கண்டுபிடித்தது. அபர்டீன் பஜாரில் லாட்ஜ், ஜெட்டிக்கு ஆட்டோ, ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு நர்ஸம்மா, எல்லாம் ஏற்பாடு. சித்திக்கும் எழுதிவிட்டது: ‘எனக்கு அலுவலக வேலை அதிகம். நீங்கள் வசதியாகத் தங்க அறை ஏற்பாடு செய்துள்ளேன்.’

கப்பல் வந்த அன்று சாயங்காலம், ஏன் இன்னும் சித்தியைக் காணோம் என்று போனைத் திறந்தபோதுதான் அதைப் படித்தேன். படித்ததும் முதலில் வந்தது பதற்றமில்லை, நிம்மதி. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எய்தவள் நானிருக்க அம்பை நோவானேன்.

லாட்ஜுக்கு ஓடினேன். சித்தி கட்டில் ஓரத்தில், பையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்காகக் கொண்டுவந்த கருவாட்டு வாசம் அறை முழுக்க அடித்தது. எல்லாம் அந்த ஏஜென்ட் செய்த கூத்து, வா வீட்டுக்குப் போகலாம் என்று படபடவென்று சொன்னேன்.

“கம்ரா நல்லாத்தான் இருக்கு,” என்றாள், அறையைச் சுற்றிப் பார்த்து. “சின்னதுலருந்து என்னைய நீ, வா, போன்னுதான் சொல்லுவ. சண்டை போட்டப்பக்கூட நீங்கன்னு சொன்னதில்ல. மெசேஜுல நீங்கன்னு பார்த்ததும் வெளங்கிருச்சு.”

பையைத் தூக்கப் போனேன். அவள் என் கையை மெதுவாக விலக்கினாள்.

“நீங்க போங்க,” என்றாள். “ஒங்க வேலை கெட்டுப்போகும்.”