இரண்டு முறை இறந்த தமிழய்யா

துறவி ஒருவர் இறந்தால், அவர் விட்டுப்போன மனைவி விதவையா? எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வகுப்பின் முன் சொல்லும் வழக்கம் எங்கள் பள்ளியில் சதாசிவம் ஐயாவுக்கு மட்டுமே இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. சென்ற வாரம் திருமுக்கூடல் பாலாற்றங்கரை மடத்தில் அவர் காலமானதை அவர் மனைவி மல்லிகாக்காதான் போனில் சொன்னார்: "சாமி போயிட்டாரு டீச்சர்."

அவரிடம் தமிழ் படித்த நீங்கள் அவரை ஞானி என்கிறீர்கள். பக்கத்து வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அவ்வளவு உறுதியில்லை. "இல்லறம் ஒரு படி, துறவு அடுத்த படி, வீடுபேறு கடைசிப் படி" என்பார். எதன்மேல் கால் வைத்து ஏறுகிறீர்கள் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற ஆண்டே, மனைவி மனமுவந்து சம்மதித்தாள் என்று சொல்லி, மடத்தில் தனக்குத் தானே கருமாதி செய்துகொண்டு காவி கட்டினார். பழைய வாழ்வுக்கு அவர் இறந்துவிட்டார் என்பது அதன் பொருள். மல்லிகாக்காவிடம் விசாரித்தேன்.

"இன்னாத்த சம்மதிச்சேன்? குக்கர் விசில எண்ணிக்கினு இருந்தேன். வந்து இன்னாவோ கேட்டாரு. தலைய ஆட்டினேன். விசில் அடங்கறதுக்குள்ள பைய எடுத்துக்கினாரு."

ஒரு செய்யுளை மூன்று முறை ஒப்பிக்கச் சொல்லி உறுதி செய்துகொள்பவர், இதை ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை?

வெள்ளிக்கிழமைகளில் பிச்சைக்கு ஊருக்குள் வருவார். தன் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். ஒருநாள் நான் உள்ளே இருந்தேன். வத்தக்குழம்பை முகர்ந்து, "இன்னும் கொஞ்சம் சுண்டியிருக்கலாம்" என்றார்.

"சாமிக்கு நாக்கு மட்டும் இன்னும் சம்சாரியாத்தான் கீது" என்று அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார். அவர் சிரித்தார். பள்ளியில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மடத்தில் உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்தார்கள். கருமாதி முன்பே முடிந்ததால் இனி சடங்கு இல்லை என்றார்கள். அங்கேயே ஐயாவின் அக்கா மல்லிகாக்காவிடம், "பதினாறாம் நாளுதான் இல்லியே, நாளைக்கே வந்து தாலிய எடுத்துடறோம்" என்றார்.

"அவரு கருமாதி பண்ணிக்கின அன்னிக்கு பாயசம் குடிச்சிட்டுப் போனீங்க அண்ணி. அப்ப தாலி ஞாபகம் வரலியா?"

"ஊரு இன்னா பேசும்?"

"எட்டு வருசமா பேசிக்கினுதான் கீது."

மறுநாள் நடந்தது இது. காலையில் மல்லிகாக்கா வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வாலாஜாபாத் பஸ் ஏறினார். நாத்தனாரும் மூன்று பெண்களும் வாசலில் காத்திருப்பதாகப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. "வெயில்ல நிக்க வேணாம், போகச் சொல்லு" என்றார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் அழ ஆரம்பித்து எங்கள் ஊர் உத்திரமேரூர் வரும்வரை அழுதார். தாலியைக் கழற்றவில்லை.